மேல்தளத்தில் சாப்பிடத் தகுதியானவர்

அன்று மாலை மேல்தளத்து ஜப்பானிய அறையில் இருந்தவர்கள், கதவிலிருந்து தள்ளியிருந்த மூலையில் தொடங்கி வரிசைப்படி: சுவரோரமாக, ஒற்றைக் காய்ந்த கிளை செருகிய பூச்சாடிக்கு நேரெதிரே, குழாய் நிறுவனத்தின் முதலாளி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அதைக் காலி என்றும் சொல்லக்கூடாது. முதலாளியை இந்த உணவகத்துக்கு முதன்முதலில் பரிந்துரைத்த பெரியவர், வராத நாட்களிலும் வந்திருப்பதாகவே கொள்ளவேண்டும் என்பதால், அவர் சார்பில் அங்கே ஒரு கைத்துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. கைத்துண்டுக்கு அடுத்து மச்சினன். மச்சினனுக்கு அடுத்து அவனுடைய அக்கா. அக்காவுக்கு அடுத்து, கதவை ஒட்டி, ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் இறங்கும் இடத்தில், அக்காவின் கணவர். மரப்பலகைக்கு அந்தப் பக்கம் கத்தியும் கையுமாக ஒரு சமையற்காரர். அவரை ஆசான் என்றுதான் சொல்லவேண்டும் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், யார் கண்ணிலும் படாமல் எல்லோரையும் பார்க்க வாகாக, உபசரிப்பு இயக்குநர்.

கதவோரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அவர் வேலை பார்க்கும் மெத்தை நிறுவனத்தில் பதில்காரர் என்று பெயர். வாங்கிய மெத்தையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது, நடுவில் பள்ளம் விழுகிறது என்றெல்லாம் வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. ‘தங்கள் முதுகின்மீது எங்கள் நிறுவனம் என்றும் கொண்டுள்ள அக்கறையைத் தாங்கள் அறிவீர்கள்’ என்று தொடங்கினால், படிக்கிறவர் முடிவுக்கு வரும்போது தாம் எதற்காகக் கோபப்பட்டோம் என்பதை மறந்திருப்பார். மெத்தையில் பஞ்சு குறையக் குறையக் கடிதத்தில் மரியாதை கூடவேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அதனால்தான், வாசலில் மூன்று பேர் வரிசையாக நின்று இடுப்பு மடியக் குனிந்து வரவேற்றபோது, பதில்காரருக்குச் சுரீரென்றது. உள்ளே என்னவோ இல்லை என்று மனைவியின் காதில் சொன்னார். “வாய மூடிக்கிட்டு வாங்க,” என்றாள் அவள்.

அவள் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. குழாய் நிறுவனம் புதிதாக ஒரு கிளை திறக்கப்போகிறது. கடை கடையாக ஏறி இறங்கிக் குழாய் விற்று, பல வருடம் காலணி தேய்த்த அவள் தம்பிதான் கிளைக்குப் பொறுப்பாளர் ஆகவேண்டும் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் முதலாளி எந்தப் பதவியையும் அலுவலகத்தில் அறிவிக்கமாட்டார். இந்த மேல்தளத்தில்தான் அறிவிப்பார். அதற்கு முன்பு ஆளைக் குடும்பத்தோடு இங்கே அழைத்துவந்து பார்ப்பார். மச்சினனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் என்றால் அக்காவும் மாமாவும்தான். முதலாளி மச்சினனுக்குப் பொறுப்பு, மச்சினன் இவர்கள் இருவருக்கும் பொறுப்பு, முதலாளிக்குக் கைத்துண்டு பொறுப்பு. தெரிந்தவர் கைகாட்டாமல் யாரும் உள்ளே வரமுடியாது. வந்தவர் தவறினால் கைகாட்டியவர் பதில் சொல்லவேண்டும். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை.

பெயர்ப்பலகை பற்றி மச்சினன்தான் வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தான். இயக்குநர் அதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

“போர்டு வைக்கிறது பசியோட தேடி வர்றவங்களுக்கு, சார். அவங்களுக்கு ஊர் முழுக்கக் கடை இருக்கு. இங்க வர்றவங்க பசியை வெளியில விட்டுட்டு வரணும், செருப்பு மாதிரி. பசிச்சவனுக்கு ருசி தெரியாது. அவன் வெறுமனே சாப்பிடத்தான் செய்வான்.”

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுக்கப்பட்டது. கையால் செய்த, ஓரம் பிசிறடித்த கெட்டித் தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முதலாளி அதை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஏதோ நயமான இடம் வந்ததுபோலப் புன்னகை செய்தார். பதில்காரர் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. பின்னால் இயக்குநரின் பேனா ஏதோ குறித்துக்கொள்ளும் கீறல் கேட்டது.

முதல் பதார்த்தம் வந்தது. குடை விரித்தது போன்ற கறுப்புத் தட்டின் நடுவே ஓர் இலை. இலையின்மேல் ஒரு சொட்டு. இது பார்க்கவேண்டிய பதார்த்தம் என்று இயக்குநர் விளக்கி முடிப்பதற்குள் மச்சினன் அதை இலையோடு சாப்பிட்டுவிட்டிருந்தான். அக்கா அவன் தொடையில் கிள்ளினாள். இவ்வளவு பெரிய தட்டுக்கு இவ்வளவு சிறிய சொட்டு என்றால் மிச்சம் எங்கே என்று பதில்காரருக்குத் தோன்றியது. தட்டைச் சற்றே சாய்த்து அடியில் குனிந்து பார்த்தார். அடியில் குயவரின் முத்திரை மட்டும் இருந்தது. பேனா மறுபடி கீறியது.

இரண்டாவது, மூடிபோட்ட கிண்ணம். “இது கேக்கிற பதார்த்தம். மூடியைத் திறக்காம காது குடுங்க,” என்றார் இயக்குநர். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு காதைத் தாழ்த்தினார். மச்சினன் மேஜையில் கன்னத்தையே வைத்துவிட்டான். அக்கா கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, ஏதோ கொதிக்கிற மாதிரி இருக்கிறது என்று கணவரிடம் சொன்னாள். அது ஃபிரிட்ஜ் சத்தம் என்றார் அவர். அவர் குனியவில்லை. மூடியைத் திறக்கக்கூடாது என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். இவ்வளவு காலமாகக் கடிதம் எழுதிய கைக்கு அதுகூடத் தெரியாதா. அந்த நேரம் பார்த்து, மத்தியானத்திலிருந்து எதுவும் உள்ளே போகாத அவர் வயிறு நீளமாக ஒரு குரல் கொடுத்தது. அது கிண்ணத்திலிருந்து வந்ததென்று எண்ணி முதலாளி மெய்மறந்து தலையசைத்தார். கிண்ணங்கள் திறக்கப்படாமலே திரும்பிப் போயின.

மூன்றாவது மீன். ஆசான் ஒரு மீன்துண்டை வெகுநேரம் பார்த்தார். மீனும் அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஆளுக்கொரு சீவல் சீவி வைத்தார். சீவலின் வழியாகப் பலகையின் மர ரேகை தெரிந்தது. பதில்காரர் முகர்ந்து பார்த்தார். மீனில் மீன் வாசனையே இல்லை. அது அவருக்குச் சரியாகப் படவில்லை. மீன் எதையோ மறைக்கிறது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார். மச்சினன் வாயில் போட்டான். அவன் முகம் விளக்கு ஏற்றியதுபோல மலர்ந்தது.

“அண்ணே, அட்டகாசம்ணே. இன்னொரு துண்டு போடுங்க. கூட அந்தக் கறுப்பு சாஸ் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்.”

ஆசான் கத்தியைக் கீழே வைத்தார். துணியால் துடைத்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். முதலாளி பக்கத்து நாற்காலிக் கைத்துண்டின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆசான் வருத்தத்தில் ஆழ்ந்துவிட்டதாகவும் இன்று இனி வெட்டமாட்டார் என்றும் இயக்குநர் அறிவித்தார். நான் நல்லதுதானே சொன்னேன் என்று மச்சினன் திகைத்தான்.

“நல்லாருக்குன்னு சொல்றது அவரை நீங்க எடைபோடுறது, சார். இன்னொன்னு கேக்கிறது, குடுத்தது போதலைன்னு சொல்றது. போதலைன்னு எங்களுக்கே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லாம இருக்கிறதுதான் இங்க வர்றவங்களோட தரம்.”

தவறு செய்தவர்களை உணவகம் வெளியே அனுப்புவதில்லை, கீழே அனுப்புகிறது. கீழ்த்தளம் சீன உணவகம். மேல்தளத்துக்குப் பக்குவப்படாதவர்கள் அங்கே பக்குவப்படுத்தப்படுவார்கள். முதலாளி கைத்துண்டோடு மேலேயே தங்கிவிட, மற்ற மூவரும் இயக்குநரின் துணையோடு லிஃப்டில் இறக்கப்பட்டார்கள்.

கீழே எல்லாம் சிவப்பு. வட்ட மேஜை, அதன்மேல் சுழலும் கண்ணாடி வட்டு. அதில் ஆவி பறக்கும் நூடுல்ஸ், பளபளவென்று வாத்து, கூடைக்குள் வெள்ளைவெளேரென்று கொழுக்கட்டை. மச்சினனுக்கு உயிர் வந்தது. ஆனால் வட்டைக் கையால் நிறுத்தக்கூடாது, ஓடும்போது எட்டி எடுக்கக்கூடாது, அது தானாக யார் முன்னால் நிற்கிறதோ அவர்தான் எடுக்கலாம் என்று சுவரோரம் நின்ற பெண்மணி சொன்னார். அவர் பதவி வட்டக் கண்காணிப்பாளர். வட்டு நிற்கவே இல்லை. வாத்து வந்தது, போனது. நூடுல்ஸ் வந்தது, ஆவி அடங்கி மறுபடி வந்தது. மச்சினனின் கண்கள் கூடவே சுற்றின. அக்கா தலைசுற்றல் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். வருவதைப் போகவிடப் பழகுவதுதான் இந்தத் தளத்தின் பாடம் என்றார் கண்காணிப்பாளர். ரயில் நிலையத்தில் ரயிலைப் பார்த்துப் பழகலாமே, அதற்கு வாத்து எதற்கு என்று பதில்காரர் மனதுக்குள் கேட்டுக்கொண்டு மேஜை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். வட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பித் தரையோடு ஓடி, கண்காணிப்பாளர் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவிட்சில் முடிந்தது. அந்த அம்மாள் முதுகைச் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

அப்போது புதுத் தட்டோடு ஒருவர் வந்தார். சிவப்புக் கோட்டு, வாய் நிறையச் சிரிப்பு. மேலே வருத்தத்தில் ஆழ்ந்திருந்த அதே ஆசான்.

“அண்ணே, வருத்தம் தீர்ந்துடுச்சா?” என்று மச்சினன் நிஜமான அக்கறையோடு கேட்டான்.

“அது மேல, சார்,” என்றார் அவர்.

பதில்காரர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு உணவகத்துக்கும் ஒரே சமையலறையா, ஒரே ஆளா என்று கேட்டும்விட்டார். இயக்குநர் கொஞ்சமும் அசரவில்லை. ஒரே மனிதர் இரண்டு தளத்திலும் இருப்பதை நிர்வாகம் மறைப்பதில்லை, கவனிப்பதில்லை, அவ்வளவுதான் என்றார். வட்டு ஒருவழியாக நின்றது. நேரம் முடிந்துவிட்டதாம்.

அடுத்த வாரமே உணவகத்திலிருந்து நடத்தை அறிக்கை வந்தது. மச்சினன் பெயர் மேல்தளத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. காரணங்கள்: இலையைத் தின்றது, பாராட்டியது, மேலும் கேட்டது, பணியாளரிடம் நலம் விசாரித்தது. அக்கா இரண்டாம் நிலை. பதில்காரர் முதல் நிலை. ‘வெற்றுத்தாளை ஒளியில் ஏந்தி வாசித்தார். தட்டின் அடியில் குயவரின் முத்திரையைத் தேடிக் கண்டார். உணவு என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிராதவர்போல இறுதிவரை அமர்ந்திருந்தார். இப்படிப்பட்டவரை நாங்கள் வெகுகாலமாக எதிர்பார்த்திருந்தோம்’ என்று அவரைப் பற்றி எழுதியிருந்தது.

பதில்காரர் அறிக்கையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். புகழ்ச்சியை அவர் தொழில்முறையில் அறிந்தவர். அதற்குப் பின்னால் ஏதாவது கேட்பார்கள். ஆனால் அடுத்து வந்தது முதலாளியின் செய்தி. வரும் வெள்ளிக்கிழமை மேல்தளத்தில் கிளைப் பொறுப்பாளரை அறிவிக்கப்போவதாகவும், மேலே வர முடியாதவர் பெயரை மேலே வைத்து அறிவிப்பது எப்படி என்று தமக்கே புரியவில்லை என்றும் மச்சினனிடம் சொல்லியனுப்பிவிட்டார். கணக்குப் பிரிவில் இருக்கும் இன்னொருவர் இரண்டாம் நிலையில் தேறியிருக்கிறாராம். குழாயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சாஸ் கேட்காதவர்.

பதில்காரர் நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். பகலில் உணவகம் சாதாரணக் கட்டடமாக இருந்தது. சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இயக்குநர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்துவைத்து, ரொட்டியும் முட்டையும் மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே சாப்பிடுவதில்லையா என்று பதில்காரர் கேட்டார்.

“நான் வேலை செய்யறவன், சார். சாப்பிடாம எப்படி?”

பதில்காரர் நடந்ததை வரிசையாக எடுத்துச் சொன்னார். தமக்கு ரசனை கிசனை எதுவும் இல்லை. சந்தேகத்தில்தான் தாளைத் தூக்கிப் பார்த்தது, தட்டைச் சாய்த்தது எல்லாம். மீனில் வாசனை இல்லாததால் பயந்து தொடவில்லை. உண்மையில் அன்று உயிர் போகிற பசி. இயக்குநர் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. முதல் நிலையில் இருப்பவர்கள் யாருமே தம்மை முதல் நிலை என்று ஒப்புக்கொண்டதில்லை என்றார்.

“ஜப்பான்லயும் இப்படித்தானா?” என்று சோர்ந்துபோய்க் கேட்டார் பதில்காரர்.

“அங்க இன்னும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் சார் இருக்காங்க.”

“சைனாவுல?”

“அங்க கேக்கவே வேணாம்.”

மச்சினனுக்கு வழி உண்டா என்ற கேள்விக்கு ஒரே ஒரு வழி இருந்தது. முதல் நிலையில் உள்ளவர் தம் கைப்பட ஒரு பொறுப்புக் கடிதம் எழுதித் தரலாம். இன்னாருக்குப் பசி என்பது கிடையாது. உணவைப் பற்றிக் கருத்து எதுவும் கிடையாது. மேற்கொண்டு எதையும் கேட்கமாட்டார். இப்படி எழுதினால் பெயர் திரும்பச் சேர்க்கப்படும். எழுதாவிட்டால் இல்லை.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டதும் பேனாவையும் தாளையும் எடுத்துவந்து வைத்தாள். அவர் உடனே எழுதத் தொடங்காததைப் பார்த்து அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஊர்ல இருக்கிற முதுகுவலிக்கெல்லாம் பொய் எழுதறீங்க. என் தம்பிக்கு ஒரு வரி எழுதினா கை தேஞ்சிடுமா?”

நியாயமான கேள்வி. அவர் எழுதினார். நல்ல கடிதம். தொழில் வாழ்க்கையில் அவ்வளவு வழவழப்பான ஒன்றை அவர் எழுதியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சேரப் புதன்கிழமை காலை அனுப்பினால் போதும் என்று உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்தார்.

மச்சினன் அந்த நாட்களில் அவர்கள் வீட்டில்தான் இருந்தான். பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். கடிதம் பொய்யாகிவிட்டால் மாமாவுக்கும் கெட்ட பெயர் என்று அவனுக்குக் கவலை. முதலில் கூடக் கேட்பதை விட்டான். பிறகு நன்றாக இருக்கிறது என்று சொல்வதை விட்டான். ஒருநாள் அடுப்படிக்குப் போன அக்கா, அவன் பாத்திர மூடியில் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தாள். கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. தெருவில் பார்த்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா அவனுக்குப் பிடித்தமாதிரி கோழி வறுத்திருந்தாள். தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். மச்சினன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். தட்டைச் சற்றே சாய்த்து அடியில் பார்த்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

“சாப்பிடுடா.”

“இருக்கட்டும்க்கா. பாத்துட்டேன்.”

அவள் சிரிப்பாள் என்று பதில்காரர் எதிர்பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கணவருக்கு எதிரில் நின்றாள்.

“ஏங்க, அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடுங்க. வேற எழுதுங்க. இவன் எப்படியோ அப்படியே எழுதுங்க.”

கிளை போய்விடும் என்று அவர் நினைவுபடுத்தினார். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதில்காரர் புதுத் தாளை எடுத்தார். அக்கறை, அறிவீர்கள், வருந்துகிறோம் என்று கை பழக்கத்தில் ஓடப் பார்த்ததை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு வரியாக எழுதினார். மச்சினனிடம் கொடுத்தார். அவன் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான்:

‘ஐயா, இவர் என் மனைவியின் தம்பி. இவருக்குப் பசி எடுக்கும். பசித்தால் சாப்பிடுவார். பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சமைத்தவரிடமே சொல்வார். மேலும் கேட்பார். கடைகளில் இவரை நம்பிக் குழாய் வாங்குகிறார்கள் என்றால், நன்றாக இருக்கிறது, போதவில்லை என்ற இரண்டையும் இவர் உள்ளபடி சொல்வதால்தான். இதற்கு நான் பொறுப்பு. அன்று நானும் பசியோடுதான் இருந்தேன். என் பெயரை முதல் நிலையிலிருந்து எடுத்துவிடவும். இதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நகல்: குழாய் நிறுவன முதலாளிக்கு.’

மச்சினன் தாளைக் கீழே வைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தான்.

“இது போனா வெள்ளிக்கிழம எனக்கு ஒண்ணும் இல்ல, இல்லையா மாமா?”

“அநேகமா இல்ல, மாப்ளே. வேணாம்னா சொல்லு, கிழிச்சிடறேன்.”

அவன் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். கோழியின் மணம் அறை முழுக்க நின்றது.

“அந்த மீன் நெஜமாவே நல்லாத்தான் மாமா இருந்துச்சு,” என்றான் கடைசியில். “அதையும் ஒரு வரி எழுதிடுங்க. அவருக்குத் தெரியணும்.”

பதில்காரர் எழுதினார்: ‘மீன் நன்றாக இருந்ததாம். ஆசானிடம் சொல்லவும், மேலேயோ கீழேயோ.’ முதலாளிக்கு ஒரு நகலும் எழுதி, மடித்தார். உறையில் போட்டார். மச்சினன் ஒரு கையால் கோழிக்காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பசையை நீட்டினான். அவர் ஓரம் விடாமல் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். நகலுக்கும் அப்படியே. தெருமுனைத் தபால்பெட்டி வரை தாமே நடந்துபோய், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினார். பிறகு பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, எங்கும் சிக்காமல் அடிவரை விழுந்துவிட்டன என்பதை உறுதிசெய்துகொண்டு திரும்பினார்.